மின்சாரக் கார், பெட்ரோல் கார்: கோவில்பட்டி வட்டாரத்தில் எரிபொருள் செலவு

மின்சாரக் காரும் பெட்ரோல் காரும் ஒரே தூரத்தைக் கடக்க எவ்வளவு செலவாகிறது என்பது, காரின் திறனை மட்டுமன்றி, மின்சாரம் எந்த இடத்தில் எந்தக் கட்டணத்தில் ஏற்றப்படுகிறது என்பதையும் பொறுத்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, மதுரை–கன்னியாகுமரி நாற்கரச் சாலையில் அமைந்த கரிசல் நிலத்து ஊராகும். இங்கிருந்து தூத்துக்குடியும் திருநெல்வேலியும் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குள் இருப்பதால், போய்வரும் தூரம் இன்றைய மின்சாரக் கார்களின் ஒரு முழு மின்னேற்றத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஆற்றல் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட், அதாவது 9 கிலோவாட் மணி, ஆற்றல் இருந்தாலும், எஞ்சினில் அதன் பெரும்பகுதி வெப்பமாக வீணாகி, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் அந்த 9 யூனிட்டைக் கொண்டு கடக்கும் தூரத்தை, நடுத்தர மின்சாரக் கார், மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, சுமார் 2.4 யூனிட்டில் கடந்துவிடுகிறது. இதன்படி 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் தேவைப்படும். ஆனால் நாற்கரச் சாலையில் வேகம் கூடும்போதும், கோடை வெயிலில் குளிர்சாதனம் இடைவிடாது ஓடும்போதும் இத்தேவை உயர்கிறது.

வீட்டு மின்னேற்றம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை படிநிலைக் கட்டணத்தில், அதாவது பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும் முறையில், கணக்கிடப்படுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசமாகும். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.40 ரூபாயும், 601 முதல் 800 வரை 9.45 ரூபாயும் ஆகும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் 2.35 ரூபாயிலிருந்து 4.70 ரூபாயாக உயர்ந்துவிடுவதால், அந்த எல்லையைக் கடக்கும் வீட்டுக்கு உடனே 235 ரூபாய் கூடுதலாகிறது.

இரண்டு மாதங்களில் 2,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 320 யூனிட் வேண்டும். ஏற்கெனவே 200 யூனிட் செலவிடும் வீட்டின் மின்கட்டணம் 235 ரூபாயிலிருந்து 2,208 ரூபாயாகும். 500 யூனிட் செலவிடும் வீட்டிலோ 1,805 ரூபாயிலிருந்து 4,980 ரூபாயாகும். எனவே காருக்கான செலவு முதல் வீட்டில் 1,973 ரூபாய், இரண்டாம் வீட்டில் 3,175 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், அதே தூரத்துக்குப் பெட்ரோல் காருக்குச் சுமார் 13,300 ரூபாய் ஆகும்.

பொது மின்னேற்றம்

சொந்த நிறுத்துமிடம் இல்லாத வாடகை வீட்டார் சாலையோர விரைவு மின்னேற்ற நிலையங்களையே நம்ப வேண்டியுள்ளது. அங்கு யூனிட்டுக்கு 20 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் என்று கொண்டால், 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 378 ரூபாயாகிறது. பெட்ரோலுக்கு ஆகும் 667 ரூபாயோடு ஒப்பிட, சேமிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

வட்டாரச் சூழல்

மழை குறைந்த இக்கரிசல் பூமிக்குக் காற்றும் வெயிலும் குறைவில்லை. அருகிலுள்ள கயத்தாறில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இயங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இப்பகுதியின் காற்றாலைகள் மிகுதியாக மின்சாரம் தருகின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது; அவை நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரக்கூடியவை என்பதால், மேற்கண்ட காரின் தேவையைப் போல இருமடங்குக்கு மேல் ஈடுசெய்யும். வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் திறக்கப்பட்டது.

ஆகவே சொந்த வீடும் கூரையும் உள்ளவருக்கு மின்சாரக் காரின் எரிபொருள் செலவு பெட்ரோலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு; இவ்விரண்டும் இல்லாதவருக்கும் அந்தப் பலன் எட்ட, குறைந்த கட்டணப் பொது மின்னேற்ற நிலையங்கள் சிற்றூர்கள்தோறும் அமைய வேண்டியது இன்றியமையாதது.