அரபுக் குதிரைகளும் காவிரிக் கரையும்: மறந்துபோன ஓர் அமானிதம்



கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இராவுத்தர் என்னும் பட்டம் தாங்கிய முஸ்லிம் குடும்பங்கள் பல உள்ளன. குதிரைவீரன் என்பதே அச்சொல்லின் பொருள். பெயரிலேயே குதிரையைத் தாங்கி நிற்கும் சமூகத்தார் நாம். ஆதலின், கடல் கடந்து வந்த அக்குதிரைகள் இம்மண்ணில் எவ்வாறு வாழ்ந்தன என்பதை அறிந்திருத்தல் நமக்கு நலம் பயக்கும்.

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரில் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வணிகம் உச்சத்தை எட்டியது. அப்போது சோழநாடும் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சிக்குள் வந்திருந்தது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப, அத்தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் உடன்பாடு செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவும், காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் விளங்கினார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் இறந்துபோன குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுத்தது.

கரை சேர்ந்த குதிரைகளின் நிலை என்ன? அவற்றுக்கு வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுத்து, முளையடித்து 40 நாள்கள் லாயத்திலேயே கட்டிப்போட்டனர்; பின்னர் பயிற்சியும் முறையான சேணமும் இன்றிக் கடுமையாக ஓட்டினர்; சிறந்த குதிரைகளும் விரைவில் நலிந்தன என்கிறார் வஸ்ஸாஃப். அதே காலத்தில் இங்கு வந்த மார்கோ போலோ இன்னும் கடுமையான ஒன்றைக் கூறுகின்றார்: குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டில் இல்லை, குதிரைகள் இறந்தால்தான் விற்பனை தொடரும் என்பதால், அத்தகையோர் இங்கு வராதவாறு வணிகர்களே பார்த்துக்கொண்டனர். இது ஒரு பயணியின் குற்றச்சாட்டு. எனினும் இதைப் படிக்கையில் நெஞ்சம் உறுத்தவே செய்கின்றது.

சொறி, சிரங்கு என்று அவ்விருவரும் பெயர் சுட்டவில்லை. ஆனால் வறண்ட பாலைநிலக் குதிரையை ஈரமான நிலத்தில் கட்டிவைத்தால் முதலில் துன்புறுவது அதன் தோலே. சேற்றிலும் சாணக் கழிவிலும் பெருகும், கொசுவினும் சிறிய ஒருவகைப் பூச்சி அந்தியிலும் விடியலிலும் குதிரையைக் கடிக்கும். சில குதிரைகளின் உடல் அக்கடியை ஏற்பதில்லை. பிடரியும் வாலடியும் தாங்கவொண்ணாது அரிக்க, அவை தூணில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். இப்பூச்சி நெடுங்காலம் இல்லாதிருந்த ஐஸ்லாந்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட குதிரைகளுக்கு, அங்கேயே பிறந்த அதே இனக் குதிரைகளைவிட இந்நோய் மிகுதியாக வருகின்றது. இதனோடு அடைமழையில் முதுகில் தோன்றும் பொருக்கு, படர்தாமரை, உண்ணிவகைச் சிற்றுயிர் உண்டாக்கும் சொறி, சேணத்தடியில் வியர்வை காயாமையால் எழும் தடிப்பு ஆகியவற்றையும் சேர்த்தெண்ணினால், அன்றைய லாயங்களின் துயரை ஒருவாறு உணரலாம்.

மருத்துவ அறிவு உலகில் இல்லாமற் போகவில்லை. கால்நடை மருத்துவத்தை அரபியர் பைத்தரா என்னும் தனிக்கலையாக வளர்த்தனர். அப்பாசியரின் குதிரை லாயங்களை அறிந்த இப்னு அகீ ஹிஸாம் 9ஆம் நூற்றாண்டிலேயே அதில் நூல் யாத்தார். சொறி கண்ட ஒட்டகத்துக்குக் கீல் பூசும் வழக்கம் அதற்கும் முந்தியது. நம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகமும் நகுலன் பெயரிலான அசுவசாஸ்திர நூலை 1952இல் அச்சிட்டது. அறிவு இருந்தது; அது லாயத்தை எட்டவில்லை. விற்றவருக்கு நட்டமில்லை, வாங்கியவருக்கோ அடுத்த கப்பல் வரும். குதிரையின் வேதனை எவருடைய கணக்கிலும் ஏறவில்லை.

மார்க்கம் அதைக் கணக்கில் ஏற்றுகின்றது. முதுகு வயிற்றோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறும், அவை நல்ல நிலையில் இருக்கும்போதே ஏறிச் செல்லுமாறும் பணித்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். நோயுற்ற கால்நடையை நலமானவற்றோடு சேர்க்கலாகாது என்பதும் நபிமொழியே. நோய் தானாகத் தொற்றுவதில்லை, இறைவன் நாட்டப்படியே நிகழ்கின்றது என்ற நம்பிக்கையும், நோயுற்றதைப் பிரித்துவைக்கும் முயற்சியும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்று அறிஞர்கள் விளக்கினர்.

இன்று மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக் குதிரை அமர்த்துவோர் நம்மிடையே உள்ளனர். அமர்த்துமுன் சேணத்தை அகற்றச் சொல்லி முதுகைப் பாருங்கள். புண்ணோ, முடி உதிர்ந்த திட்டோ, தொட்டால் சிலிர்த்து விலகும் இடமோ இருப்பின் அக்குதிரையில் ஏறாதீர்கள். குதிரை வளர்ப்போர் தரையை உலர்வாக வைத்து, அந்தியில் பூச்சி அண்டாது மறைப்பிட்டு, சவாரி முடிந்ததும் வியர்வையைக் கழுவித் துடைக்க வேண்டும். ஒன்றன் சேணத்துணியையும் தூரிகையையும் மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. மண்ணெண்ணெயும் கழிவெண்ணெயும் பூசுவது புண்ணை மேலும் எரியவே செய்யும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. அன்று கிட்டாத மருத்துவர் இன்று எட்டும் தொலைவில் உள்ளார்.

220 தீனார் கொடுத்த மன்னனும் அதைப் பெற்ற வணிகனும் மறைந்தனர். அமானிதம் பற்றிய கேள்வி மட்டும் நமக்கும் மீந்திருக்கின்றது. அதற்கு நல்ல விடை கூறும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.