ஆடம் ஆஸ்போர்னும் பதினொரு கிலோ பெட்டியும்

2003ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி கொடைக்கானலில் ஆடம் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர் காலமானார். வயது 64. உடல்நலம் குன்றி, கடைசிப் பத்தாண்டுகளைச் சகோதரியின் பராமரிப்பில் அங்கேதான் கழித்தார். ஏரியைச் சுற்றி நடக்க வந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும் என்பது சந்தேகமே. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினியைச் சாதாரண மனிதன் வாங்கும் விலையில் செய்து, ஆயிரக்கணக்கில் விற்றுக்காட்டிய முதல் ஆள் அவர்தான்.

சேலையூர், சிட்லபாக்கம், பல்லாவரம் பக்கத்து நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், விலை குறைவா, எடை குறைவா சின்ன லேப்டாப் ஒண்ணு சொல்லுங்க. பென்ஷன் வேலையும் ஆகணும், கச்சேரியும் பாக்கணும்." இதற்கு மாடல் பெயரைச் சொல்லிப் பயனில்லை, ஆறு மாதத்தில் அந்த மாடலே கடையில் இருக்காது. ஆஸ்போர்ன் கதையைச் சொன்னால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆடமின் தந்தை ஆர்தர் ஆஸ்போர்னை ரமண பக்தர்கள் அறிவார்கள். பகவானைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதியவர். 1964இல் ரமணாசிரமத்திலிருந்து 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கிய ஆசிரியர். அதற்கு முன் பாங்காக்கில் விரிவுரையாளர். ஆடம் பிறந்தது அங்கே, 1939இல். யுத்தம் நெருங்கியபோது தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார்கள். தந்தை ஜப்பானியர் கையில் சிக்கி முகாமில் அடைபட்டார். சின்னப் பையன் ஆடம் பகவானிடம் போய், அப்பாவைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும்படி கேட்டான், பகவானும் புன்னகையுடன் தலையசைத்தார் என்று ஆசிரமத்தில் சொல்வார்கள். யுத்தம் முடிந்து 1945இல் ஆர்தர் வந்து சேர்ந்தார். பையன் கொடைக்கானலில் கான்வென்ட்டில் படித்து, பிறகு இங்கிலாந்து போனான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங், அமெரிக்காவில் டாக்டர் பட்டம், ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை. அதை விட்டுவிட்டு, அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த சிறு கணினிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பதிப்பித்தார். 1979இல் பதிப்பகத்தை மெக்ரா-ஹில் நிறுவனத்துக்கு விற்றார். கையில் பணம் வந்தது.

1981 ஏப்ரலில் 'ஆஸ்போர்ன் 1' வெளிவந்தது. மூடிவைத்தால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். எடை 11 கிலோ! விமான இருக்கைக்கு அடியில் நுழையும் என்பது விளம்பரத்தில் பெருமை. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. நடுவில் 5 அங்குலத் திரை, இருபுறமும் ஃபிளாப்பி டிரைவ். நினைவகம் 64 கே.பி. பாட்டரி உள்ளே கிடையாது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். விலை 1,795 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 15,000 ரூபாய். நம் ஊரில் அது பெரிய தொகைதான், ஆனால் அமெரிக்காவில் அதற்குச் சமமான மேசைக் கணினி இதைவிட அதிகம். அதோடு, வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் என்று தனியாக வாங்கினால் 1,500 டாலர் ஆகக்கூடிய மென்பொருளையும் கூடவே கொடுத்தார். வாங்கினவன் வீட்டுக்குப் போனதும் கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம். இன்னொரு கடைக்கு ஓட வேண்டாம். சந்தையில் உள்ளதிலேயே உயர்ந்தது தேவையில்லை, வேலைக்குப் போதுமானது போதும் என்பது அவர் கொள்கை. உச்சத்தில் மாதம் பத்தாயிரம் வரை விற்றது.

அதே வருஷம் நம் பக்கத்தில் பெருங்குடியில் ஃபேசிட் தட்டச்சு இயந்திரங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஆபீஸ்களில் அதைத் தட்டித்தான் நம் தலைமுறையே விரல் தேய்ந்தது. அதையும் 'போர்ட்டபிள்' என்று ஒரு வகை விற்பார்கள். மாடிப்படி ஏறினால் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் 11 கிலோ என்றதும் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

இரண்டரை வருஷத்தில் ஆஸ்போர்ன் கம்பெனி திவாலானது, 1983 செப்டம்பர். அடுத்த மாடலைப் பற்றி அவசரப்பட்டு வாய்விட்டதால் பழைய மாடலை யாரும் வாங்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மீதிப் பாதி அந்த 5 அங்குலத் திரை. ஒரு வரியில் 52 எழுத்துதான் தெரியும். அகலமான கடிதத்தைப் படிக்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கேப்ரோ என்ற போட்டிக் கம்பெனி அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு வந்தது. கூடவே ஐ.பி.எம். மென்பொருள் ஓடுகிற காம்பேக் வந்தது. விலையும் மென்பொருளும் சரியாக அமைந்தும் கண்ணுக்குப் போதாத திரை ஆளைக் கவிழ்த்துவிட்டது.

இதே நாடகம் 2007இல் மறுபடி நடந்தது. தைவானின் ஏசுஸ் கம்பெனி 'ஈ பி.சி.' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 7 அங்குலத் திரை, 4 ஜி.பி. சேமிப்பு, எடை 920 கிராம். ஆஸ்போர்ன் பெட்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு! உலகமே அதன் பின்னால் ஓடியது. 'நெட்புக்' என்று புதுப் பெயரும் வந்தது. நம் நாட்டில் எச்.சி.எல். 2008 ஜனவரியில் 'மைலீப்' என்று பதினாலாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த விலையில் ஒன்றை அறிமுகப்படுத்தியது. (அந்தக் கம்பெனியை நிறுவிய சிவ் நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்.) ரயிலில் இளைஞர்கள் மடியில் வைத்துத் தட்டுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஐந்தாறு வருஷத்தில் எல்லாம் ஓய்ந்தது. 2010இல் ஐபேட் வந்தது ஒரு காரணம். ஆனால் குறுகிய திரை, விரல் பட்டால் இரண்டு எழுத்து விழும் விசைப்பலகை, நத்தை வேகம், இவை இல்லாமல் இருந்திருந்தால் ஐபேட் வந்தும் பிழைத்திருக்கும்.

இங்கே நம் அரசாங்கத்தைப் பாராட்ட வேண்டும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். நெட்புக் மோகம் அடங்காத நேரம் அது. சின்னதாக வாங்கிச் செலவைக் குறைத்திருக்கலாம். எல்காட் கேட்டது 14 அங்குலத் திரை, 2 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. சேமிப்பு, லினக்ஸ், விண்டோஸ் இரண்டும். இலவசத்தைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், பொருளைத் தேர்ந்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். தாம்பரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் பேரன் படித்து முடித்த அந்தப் பெட்டியில்தான் தாத்தா தமிழ் தட்டப் பழகினார். தமிழ்99 விசைப்பலகை 1999இலேயே அரசு அங்கீகாரம் பெற்றிருந்தாலும், வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இன்றைய கதைக்கு வருகிறேன். ராஜகீழ்ப்பாக்கத்து நண்பர் ஒருவர் சில வருஷம் முன்பு 11 அங்குலத்தில் அழகான ஒன்றை மலிவாக வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். நினைவகம் 2 ஜி.பி., சேமிப்பு 32 ஜி.பி. சேமிப்பில் பெரும்பகுதியை விண்டோஸே விழுங்கிவிட்டது. புதுப்பிப்பு வரும்போதெல்லாம் "இடம் போதவில்லை" என்று நிற்கும். இடம் உண்டாக்க ஒவ்வொன்றாக அழித்தார். பேத்தியின் முதல் வருஷப் படங்களும் அதில் போயின. அவை வேறெங்கும் இல்லை. அந்தக் கணினி இப்போது அலமாரி மேல் கிடக்கிறது.

ஆகவே, 8 ஜி.பி. நினைவகத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். சேமிப்பு 'எஸ்.எஸ்.டி.' என்று இருக்கட்டும், 256 ஜி.பி.யாவது; 'ஈ.எம்.எம்.சி.' என்று போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். திரை 13 அல்லது 14 அங்குலம். நம் வயதுக் கண்ணுக்கு 11 வேண்டவே வேண்டாம். ஒன்றரைக் கிலோவுக்குள் இவை எல்லாம் இப்போது கிடைக்கின்றன. புதிதுக்குப் பணம் போதவில்லை என்றால், நல்ல கம்பெனியின் ஆபீஸ் ரகப் பழைய லேப்டாப் ரிச்சி தெருவில் கிடைக்கும். நான் அதைத்தான் மலிவுப் புதிதைவிட மேல் என்பேன். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருந்தால்தான் விண்டோஸ் 11 முறையாக ஏறும். அதைக் கடையிலேயே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எடை சொல்லும்போது சார்ஜரைச் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். இரண்டையும் பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். கடையில் நின்றபடியே அரைப் பக்கம் தட்டிப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சர்வீஸ் சென்டர் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ உண்டா என்று பில் போடுமுன் கேளுங்கள். அண்ணா சாலைக்குப் போய்த் திரும்ப நமக்கு அரை நாள் ஆகிறது.