சுவரும் விருந்தும்: பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் சமய வாதமும் கல்வி ஏற்றத்தாழ்வும்

சமய வாதம் வசையாகத் தாழ்வதற்குப் படிப்பின்மையே காரணம் என்பது படித்தவர்களிடையே பரவலாக உள்ள எண்ணம். மக்கள் நாலு நூல் கற்றுவிட்டால் வாதத்தில் மரியாதை தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். புதுச்சேரியின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் சமயப் பூசல்கள் பல பதிவாகியுள்ளன. அவற்றுள் மூன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மூன்றும் மூன்றாண்டுக்குள் நடந்தவை. ஒன்று புதுச்சேரியை அடுத்த உழவர்கரையில் நடந்தது.

முதலாவது 1745 அக்டோபரில் சம்பாக் கோயில் என்ற கிறிஸ்தவத் தேவாலயத்தில் எழுந்தது. அக்கோயிலுக்குள் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்களையும் ஏனைய சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. ஒடுக்கப்பட்ட அம்மக்கள் பெரிய பாதிரியாரிடம் சென்று முறையிட்டார்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவரின் தூண்டுதலும் அதற்கு இருந்தது. அவர்கள் சொன்னதன் சாரம் இது: எங்களையும் சீடர்களாக ஏற்றுக்கொண்டது மெய்யானால் எல்லாரையும் ஒன்றுபோல நடத்துவதே உங்கள் மார்க்கத்துக்குப் பொருந்தும். பாதிரியாரால் மறுக்க முடியவில்லை, சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டு எதிர்த்தபோது ஆளுநர் துய்ப்ளேக்சின் அதிகாரம் இடையில் புகுந்தது.

இம்முறையீட்டை வரலாற்றாசிரியர்கள் சாதிப் பூசலின் ஒரு நிகழ்ச்சியாகவே பெரும்பாலும் படித்திருக்கிறார்கள். என் பார்வையில் அது செம்மையான ஓர் இறையியல் வாதம். எதிர்த்தரப்பு ஏற்கும் கொள்கையையே ஏதுவாக்கி, அதற்கும் நடப்புக்கும் உள்ள முரணைக் காட்டி, செய்ய வேண்டியதை முடிபாக நிறுத்துகிறது. ஏட்டுக் கல்வியின் வாயில் அடைக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், இலத்தீனில் பயின்ற குருவிடம் அவருடைய அளவைகளைக் கொண்டே வழக்காடியது. அதில் வசை ஏதுமில்லை.

அடுத்த மாத இறுதியில் உழவர்கரையில் ஒரு விருந்து நடந்தது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த கனகராய முதலியார், 1739இல் இறந்துபோன தம் மகனின் நினைவாக அங்கே அந்திரேயர் பெயரில் கோயில் எழுப்பியிருந்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள் எனப் பல சாதியாரையும் ஐரோப்பியரையும் அழைத்து, அவரவர் ஆசாரம் கெடாதபடி தனித்தனியாகச் சமைத்துப் பரிமாறச் செய்தார். வைணவரான ஆனந்தரங்கர் இதைக் குறைசொல்லி எழுதினார். கிறிஸ்தவக் கோயிலின் பெயரால் நடக்கும் விருந்து கிறிஸ்தவர்களின் முறைப்படி நடந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இக்குறிப்பில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. கனகராயரைத் தம் சமய அளவுகோலால் அளக்காமல் அவருடைய சமயத்தின் அளவுகோலால் அளக்க முனைந்தது நேர்மையான விமரிசன முறை. ஆனால் கிறிஸ்தவ விருந்துக்கு உரியவர் யார், அல்லாதவர் யார் என்று ஆனந்தரங்கர் வகுக்கும்போது சாதி உயர்வுதாழ்வு உணர்ச்சியும் கூடவே வருகிறது. முறை சரியாக இருந்தும் மதிப்பு குறைந்துபோகலாம் என்பதற்கு இது சான்று. சம்பாக் கோயில் மக்களின் முறையீட்டில் இந்தக் கலப்பு இல்லை.

மூன்றாவது 1748 செப்டம்பரில் நடந்தது. ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, சம்பாக் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கேர்தூ பாதிரியார் கருவறையைக் காலால் உதைத்ததாக நாட்குறிப்பு சொல்கிறது. அந்தக் கேர்தூ யார்? தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றவர். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றுக்கு இடையேயான உறவை 1767 அளவில் பாரிசு அறிஞர்களுக்கு எழுதி விளக்கியவர். ஒப்பிலக்கண வரலாற்றில் அவருக்கு இன்றும் இடமுண்டு. அன்று அந்நகரில் அவரைவிடக் கற்றவர் சிலரே இருந்திருப்பார்கள். ஒரு சமயத்தின் மொழியை அவ்வளவு ஆழமாகக் கற்கக்கூடிய மனம், அச்சமயத்தாரின் கருவறையை உதைக்கவும் துணிந்தது. ஆளுநரின் பக்கபலம் கிடைத்ததும் வாதத்தின் தேவையே அவருக்கு இல்லாமல் போயிற்று.

கல்வி மரியாதையைத் தரவில்லையென்றால் அதைத் தருவது எது? எதிர்த்தரப்பைப் பேசவைக்கும் முறையில்தான் விடையைத் தேடவேண்டும் என்று கருதுகிறேன். அதே நூற்றாண்டில் தோன்றிய இரண்டு நூல்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். எசூர்வேதம் என்ற பிரெஞ்சு நூலில் வியாசர் புராணச் சமயத்தை எடுத்துரைக்க, சுமந்து என்பவர் அதை மறுத்துக்கொண்டே போகிறார். இதை மெய்யான வேத விளக்கம் என்று நம்பிய பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் 1761இல் பாரிசு அரச நூலகத்துக்கு அளித்தார். புதுச்சேரியில் கிடைத்த ஏடுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் எல்லிஸ், இது மிஷனரிகள் புனைந்தது என்று காட்டினார். அக்கட்டுரை 1822இல் வெளிவந்தது. இந்நூலில் கேள்வி, விடை, தோல்வி மூன்றும் ஒரே தரப்பின் கைவேலை. தரங்கம்பாடியிலோ மிஷனரிகளான சீகன்பால்குவும் கிருண்ட்லரும் 1712 தொடங்கித் தமிழரிடம் கேள்விகளை அனுப்பி, அவர்கள் எழுதிய 99 மடல்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் வெளியிட்டார்கள். மதமாற்ற நோக்கமும் மறுப்புக் குறிப்புகளும் அவற்றில் உண்டு. இருந்தும் தமிழரின் நியாயங்களைத் தமிழரே சொல்கிறார்கள். சில இடங்களில் கிறிஸ்தவரின் நடத்தையைக் கூசாமல் கண்டிக்கிறார்கள். பதிப்பித்தவரின் கருத்தை மீறி எதிர்த்தரப்பு உயிரோடு நிற்பதால்தான் அம்மடல்கள் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. மணிமேகலை வஞ்சியில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையைச் சொல்லக் கேட்கிறாள். சிவஞான சித்தியார் பரபக்கம் பிற சமயக் கொள்கையை நிறுத்திய பிறகே மறுக்கிறது. ஆனால் இந்த அவைகளில் இருக்கை பெற்றவர்கள் எல்லாரும் கற்றவர்கள். கல்லாதவரின் கொள்கையைக் கூறும் பரபக்கத்தை நாம் எழுதவே இல்லை. அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் பெண்ணும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் கூலியாளும் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்காமல், மூடநம்பிக்கை என்றோ பாமர பக்தி என்றோ பெயரிட்டு நகர்ந்துவிடுகிறோம். சைவ, கிறிஸ்தவ, பகுத்தறிவு மேடைகள் மூன்றுமே இதில் குற்றவாளிகள்.

தவறான செய்தியைத் திருத்துவது கற்றவரின் கடமையல்லவா என்ற கேள்வி எழும். கடமைதான். எசூர்வேதம் போலி என்று எல்லிஸ் சொன்னது நூலறிவின் உரிமை. அதை வாக்கெடுப்பால் முடிவுசெய்ய முடியாது. ஒரு நூலில் இல்லாததை உண்டு என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு எளியவரானாலும் திருத்தத்தான் வேண்டும். திருத்தாமல் புன்னகைத்து விடுவதும் ஒருவகை அவமதிப்பே. ஆனால் அந்த அதிகாரம் நூலோடு நின்றுவிடுகிறது. ஒரு மார்க்கத்தின்படி வாழ்வது எப்படி என்ற கேள்வியில், அதற்காக விலை கொடுத்தவரின் சொல்லுக்கு நூற்புலமைக்கு ஈடான எடை உண்டு. 1745இல் சுவருக்கு அப்பால் நின்றவர்கள் அறிந்த ஒன்றைச் சுவரைக் கட்டியவர்கள் அறிந்திருக்கவில்லை.

இன்றைய உழவர்கரை நகராட்சிப் பகுதியில் அந்திரேயர் கோயிலும் சிவன் கோயில்களும் அம்மன் கோயில்களும் அடுத்தடுத்த தெருக்களில் உள்ளன; பல்கலைப் பட்டதாரிகளும் பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் அப்படியே அடுத்தடுத்து வாழ்கிறார்கள். இங்கே சமய நல்லிணக்கக் கூட்டம் கூட்டுவோர் குருக்களையும் பேராசிரியர்களையும் மட்டும் மேடையேற்றும் வழக்கத்தை விடவேண்டும். மறுக்க எழுபவர் முதலில் எதிர்த்தரப்பின் கருத்தைச் சொல்லட்டும். உரியவர் ‘ஆம், இதுதான் நாங்கள் சொல்வது’ என்று ஒப்பிய பிறகு மறுப்பைத் தொடங்கட்டும். ஆனந்தரங்கரின் 1745 அக்டோபர்க் குறிப்பைப் புதுச்சேரிக் கல்லூரிகள் சாதி வரலாற்றுப் பாடத்தில் மட்டுமல்லாமல் தருக்கப் பாடத்திலும் வைக்கவேண்டும்.