மாட்டுக்குக் கிடைத்த சான்று நாய்க்குச் செல்லுமா? செல்லப்பிராணிகளும் மரபு மருத்துவமும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் சின்னாளப்பட்டியை ஒட்டியிருக்கும் காந்திகிராமத்தில் 'இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா' என்ற சண்டை எடுபடாது. 1947இல் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரான டி.எஸ். சௌந்தரம் நவீன மருத்துவம் படித்தவர். கஸ்தூரிபா மருத்துவமனையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் செய்யும் லட்சுமி சேவா சங்கமும் இதே காந்திகிராமத்தில்தான் இருக்கின்றன. மனிதர் விஷயத்தில் இந்த இணக்கம் சரி. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அதை அப்படியே நீட்டிக்கும் வழக்கத்தைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. கால்நடை மரபு மருத்துவத்துக்கு இன்று இருக்கும் மதிப்பு பெரும்பாலும் மாட்டைக் கொண்டு ஈட்டியது. அதைச் செல்லப்பிராணியின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

அந்த மதிப்பு சும்மா வந்ததல்ல. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி முறைப்படுத்திய மடிநோய் மருந்தை எடுத்துக்கொள்வோம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மடலின் முள்ளைச் சீவி, தோலோடு நறுக்கி மற்ற இரண்டையும் சேர்த்து அரைத்தால், சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவந்து விழுதாகிறது. மடியைக் கழுவிப் பாலை முழுக்கக் கறந்துவிட்டு, விழுதில் ஒரு கையளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து, நாளுக்குப் பத்து முறை, குறைந்தது ஐந்து நாள் பூச வேண்டும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இம்முறையை நாடெங்கும் பரப்புகிறது. இதன் வலிமை பழமையில் இல்லை. பால் திரிகிறதா, வீக்கம் வடிகிறதா, கறவை மீள்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் எவரும் பார்த்துவிடலாம். பாலில் ஆன்டிபயாடிக் எச்சம் சேராது என்ற பொதுநலனும் உண்டு. நாய் வளர்ப்பவருக்கு இந்த இரண்டாவது காரணமே கிடையாது. முதலாவதும் பாதிதான் பொருந்தும்.

உடலும் வேறு. அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் தாவர நஞ்சுகள் பலவற்றைச் சிதைத்துவிடுகின்றன. நாய்க்கும் பூனைக்கும் அந்தக் காவல் இல்லை. கோமாரி கண்ட மாட்டுக்கு மிளகு, சீரகம், வெந்தயத்தோடு பூண்டும் அரைத்துக் கொடுப்பது தெரிந்த முறை. அந்தப் பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ரத்தத்தில் மாற்றம் காட்டப் போதும். நாலு கிலோ பூனைக்கு அது சின்ன வெங்காயம் நாலைந்துதான். (வெங்காயச் சந்தைக்குப் பேர்போன திண்டுக்கல்லில், மிச்ச பிரியாணியைப் பூனைக்கு வைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.) சில வேதிப்பொருள்களைக் கழிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் சரிவர வேலை செய்யாது. ஒரு பாராசிட்டமால் மாத்திரையே அதைக் கொல்லக்கூடும். ஆகவே ஆபத்து நாட்டு மருந்துக்கு மட்டும் உரியதில்லை. உண்ணிக்கும் சொறிக்கும் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் சாதாரணம். பூனை தடவிய இடத்தை நக்கியே தீரும், வெளிப்பூச்சு உள்மருந்தாகிவிடும். நாய்க்கு எண்ணெய் தடவி உண்ணி உதிர்ந்தாலும், அது ஏற்கெனவே ரத்தத்தில் விட்டுப்போன எர்லிக்கியா என்ற நோய்க்கிருமி போகாது. அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்தான்.

'பரம்பரை மருந்து' என்ற உரிமைகோரல் பார்வோ நோயில் முற்றாக உடைகிறது. குட்டிகளுக்கு வரும் அந்த ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான வைரஸ் உலகில் இனங்காணப்பட்டதே 1978இல்தான். இனங்கண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டே ஆன நோய்க்குத் தலைமுறை தலைமுறையாக வந்த மருந்து எப்படி இருக்கும்? மாதுளைத் தோலும் கொய்யாக் கொழுந்தும் வேறு கழிச்சலுக்கு உதவியிருக்கலாம். பார்வோவில் குட்டியைக் காப்பது காலத்தோடு ஏற்றும் குளுக்கோஸும் உப்புநீரும். அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டியது தடுப்பூசி. கஷாயத்தில் கழியும் இரண்டு நாள்தான் இங்கே உண்மையான நஞ்சு.

'எங்கள் நாய்க்குக் கேட்டதே' என்பார்கள். அந்த அனுபவத்தைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை, ஆனால் எடைபோட வேண்டும். மூட்டுவாத நாய்களைப் பற்றி 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வெற்று மாத்திரை மட்டும் பெற்ற நாய்களின் நொண்டல் குறைந்ததாக உரிமையாளர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் சொன்னார்கள். கால் நிலத்தில் ஊன்றும் விசையைக் கருவி அளந்தபோது அந்த முன்னேற்றம் இல்லை. கால்நடை மருத்துவர்களின் கண்ணும் அதே அளவு ஏமாந்தது. நாய் தன் வலியைச் சொல்லாது. நாம்தான் அதற்காகச் சொல்கிறோம். ஹோமியோபதிக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் மன்றம் 2017இல் அதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்றே அறிவித்தது.

ஏழை வீட்டு நாய்க்கு ஊசியும் ஸ்கேனும் எட்டாது என்ற எதிர்வாதம் வலுவானது. ஆனால் அது மலிவான மருந்து வேண்டும் என்பதற்குக் காரணமே தவிர, சோதிக்காத மருந்துக்கு அனுமதி ஆகாது. சட்டமும் இங்கே தளர்வாகவே இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் சித்த, ஆயுர்வேத மருந்தை வரையறுக்கும்போது மனிதரையும் விலங்குகளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பசு, பூனை என்ற பேதம் அந்த வரையறையில் இல்லை. சட்டம் விட்ட இடைவெளியை ஆராய்ச்சிதான் நிரப்ப வேண்டும். 1921இல் தில்லி திப்பியா கல்லூரியைத் திறந்துவைத்த காந்தி, நவீன மருத்துவத்தின் மீது குறை சொல்லிக்கொண்டே அதன் ஆராய்ச்சி மனப்பான்மையைப் பாராட்டினார்.

காந்திகிராமத்துக்கு அந்தப் பாராட்டு வேலையாக மாற வேண்டும். மருந்து செய்யும் சங்கம் இங்கே இருக்கிறது, கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது, மூலிகைக்குச் சிறுமலை பக்கத்தில். இந்த மூன்று அமைப்புகளும் சேர்ந்து நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சோதித்து, எந்த விலங்குக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சீட்டிலேயே அச்சிட வேண்டும். அதுவரை, மாட்டுக்கென்று எழுதிய மருந்தைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். கழிச்சல் கண்ட குட்டியை அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.