மலைநாட்டு இளைஞரும் உள்ளூராட்சியும்

தமிழர் ஊராட்சி முறையிற் பண்டே தேர்ச்சி பெற்றிருந்தனர் என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 921 இல் பொறிக்கப்பட்ட அச்சாசனம், குடவோலை வாயிலாக வாரிய உறுப்பினரைத் தெரிவு செய்தற்குரிய விதிகளை விரித்துரைக்கின்றது. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும் உடையராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவராய் உள்ளோரே குடவோலைக்கு உரியராயினர். இவ்விதிகளைப் போற்றுவோர் பலர் அவற்றுள் அடங்கிய இரு தடைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. நிலமும் மனையும் இல்லாதவனுக்கு அச்சபையில் இடமில்லை, இளைஞனுக்கும் இடமில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், இவ்விரு தடைகளும் நம் காலம் வரையில் எவ்வாறு நிலவின என்பதை ஈண்டு ஆராய்வாம்.

உள்ளூராட்சி மன்றம் தெருவிளக்கையும் வடிகாலையும் கவனிக்கும் அலுவலகம் மட்டுமன்று; அது பொதுவாழ்வின் பயிற்சிக்களம். 1882 இல் இந்தியாவில் தல சுயாட்சியை விரிவாக்கிய ரிப்பன் பிரபு, மக்களுக்கு அரசியற் கல்வி புகட்டும் கருவியாகவே அதனைக் கருதினார். இராஜாஜி சேலம் நகரசபையிலும், பெரியார் ஈரோட்டு நகரசபையிலும், வல்லபபாய் பட்டேல் அகமதாபாத் நகரசபையிலும் தலைமை பூண்டு ஆட்சித்திறன் பயின்றனர். 1924 இல் கல்கத்தா மாநகரசபையின் தலைமை நிருவாக அதிகாரியாக அமர்ந்தபோது சுபாஷ் சந்திர போசுக்கு வயது 27. இத்தகைய பயிற்சிக்களம் ஒரு சமுதாயத்துக்கு நெடுங்காலம் அடைபட்டிருக்குமாயின் அதன் இளைஞர் எங்ஙனம் தலைமை பயில்வர்?

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பற்றியது. தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளர் லயன் அறைகளிற் குடியேறினர். அவர் வாழ்ந்த நிலமும், நடந்த பாதையும், பருகிய நீரும் தோட்டத்துக்கே உரியன. கிராமத்தவர்க்கு அரசாங்க உத்தியோகத்தர் இருந்தனர். தோட்டத்தவர்க்குத் துரையும் கங்காணியுமே அதிகாரிகள். 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிராமச் சங்கங்கள் புத்துயிர் பெற்றபோது, தோட்டத்து மக்கள் அவற்றின் புறத்தே நின்றனர். 1930களின் இறுதியில் அச்சட்டத்தைத் திருத்த முனைந்தபோது இந்தியத் தொழிலாளரை விலக்கும் விதி பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதன் பின்னர் இனத்தைக் குறிப்பிடாது, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் என்றே விதி அமைக்கப்பட்டது. சொல் மாறியது, விலக்கு மாறவில்லை.

இதில் ஒரு வியப்பு உண்டு. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோது, வதிவிடத் தகுதி பெற்ற தோட்டத் தொழிலாளர் நாட்டின் சட்டசபைக்கு வாக்களித்தனர். ஹட்டன் தொகுதி அவ்வாண்டு பெரி. சுந்தரத்தையும், 1936 இல் கோ. நடேசையரையும் அனுப்பியது. முன்னவர் தொழில் அமைச்சருமானார். நாட்டை ஆள்வோரைத் தெரிவு செய்தவன், தன் லயத்தருகே ஓடும் பாதையைச் செப்பனிடும் சங்கத்துக்கு வாக்களிக்க இயலாதவனாய் இருந்தான்! பின்னர் அந்தச் சட்டசபை வாக்கும் பறிபோயிற்று. 1947 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தபின், 1952 இல் ஒருவரேனும் அனுப்பப்பட்டிலர்.

களம் அடைபட்டமையால் மலைநாட்டு இளைஞர் வேறு களங்களை நாடினர். அவற்றுள் முதலாவது தொழிற்சங்கம். 1940 இல் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசார் சுட்டதால் கோவிந்தன் உயிர்துறந்த நிகழ்ச்சி, சங்கம் அமைக்கும் உரிமைக்குத் தொழிலாளர் கொடுத்த விலையை உணர்த்தும். இரண்டாவது கல்விச்சாலை. 1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி ஆசிரியர்களான இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் முதலியோர் இளைஞரைத் திரட்டி, தோட்டத் தொழிலாளி என்ற பெயருக்கு அப்பால் ‘மலையகத்தான்’ என்னும் தன்னுணர்வை வளர்த்தனர். மூன்றாவது நிலத்துக்கான போராட்டம். 1977 மே 11 இல், தோட்டக் காணிகள் பிறர்க்குப் பகிரப்படுவதை எதிர்த்துத் திரண்ட மக்களிடையே, டெவன் தோட்டத்து இளைஞன் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். இக்களங்கள் துணிவையும் ஒற்றுமையையும் கற்பித்தன. ஆயின் வரவு செலவுத் திட்டம் வகுத்தல், வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்டல், மாற்றுக் கட்சியினரோடு ஒரே மேசையில் அமர்ந்து முடிவு காணல் ஆகியவற்றைக் கற்பிக்கும் இடம் மன்றமே.

1988 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் பெரும்பாலார்க்குக் குடியுரிமை வழங்கியது. உள்ளூராட்சி வாக்கும் உடன் வந்தது. ஆயின் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி செல்லாவண்ணம் தடுத்து நின்றது. தோட்டத்து வாக்கால் உறுப்பினரானவர், தம்மைத் தெரிந்தோர் லயத்துக்கு ஒரு நீர்க்குழாய் இடவும் சபைப்பணத்தை எடுக்க இயலவில்லை. மேலும், நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பிரதேச சபைகளே ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைத் தாங்கி நின்றன. அவை பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியனவும் சேர ஆறு சபைகளாயின. 2018 பெப்ரவரித் தேர்தல் அவ்வாறு சபைகளுக்கும் நிகழ்ந்தது. அதே ஆண்டிற் சட்டமும் திருத்தப்பட்டுத் தோட்டத்துக்குச் செல்லும் வழி திறக்கப்பட்டது. 1871 இலிருந்து எண்ணின் 147 ஆண்டுகள்!

வயதுத் தடையும் மெல்லத் தளர்ந்தது. தெற்கிலே எழுந்த இளைஞர் கிளர்ச்சியின் பின்னர், 1990 இல், வேட்பாளருள் 40 சதவீதத்தினர் இளைஞராதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பின்வந்த திருத்தத்தால் அது கட்டாயத் தன்மையை இழந்தது. 2025 மே மாதத் தேர்தலில் 25 சதவீதம் என்னும் அளவில் அவ்விதி மீண்டது. இங்கு இளைஞர் எனப்படுவோர் 35 வயதுக்கு மேற்படாதோர். உத்தரமேரூர் வெளியே நிறுத்திய அதே பருவத்தினர். அத்தேர்தலில் இளம் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ் முறைப்படி இணைக்கப்படாமையால் நாடெங்கும் வேட்புமனுக்கள் பல தள்ளுண்டு, வழக்குகள் நீதிமன்றம் ஏறின. பத்திரங்கள் இன்றித் தலைமுறைகள் அல்லலுற்ற மலைநாட்டார்க்கு இதன் பாடம் விளக்க வேண்டுவதன்று.

வயதுத் தடை சட்டத்தளவில் நீங்கியது; நிலமும் மனையும் பற்றிய தடையோ முற்றும் நீங்கிற்றில்லை. இன்றும் தோட்ட நிலம் பெரும்பாலும் கம்பனிகளின் குத்தகையில் உள்ளது. சபை ஒரு பாதையை அமைக்க விழையினும் நிலத்தை வைத்திருப்போரின் இசைவை நாட வேண்டியிருக்கிறது. லயன் அறையில் வாழ்வோன் தன் பெயருக்குக் காணியுறுதி பெறும் நாளிலேதான் சபையில் முழு உரிமையாளனாவான். ஆகவே இளைஞர் செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, சபைக் கூட்டங்களுக்குச் சென்று, வரவு செலவு அறிக்கையைப் படித்து, தம் தோட்டத்துக்கு ஒதுக்கிய பணம் யாது எனக் கேட்டல். மற்றொன்று, அங்கு பெற்ற அறிவைக்கொண்டு காணியுரிமைக் கோரிக்கையை எழுத்திலும் கணக்கிலும் நிலைநாட்டல். முன்னோர் உயிர்கொடுத்து ஈட்டிய உரிமை, கேள்வி கேட்பார் இன்றி ஏட்டளவில் உறங்குதல் தகாது. மன்றத்தின் கதவு திறந்திருக்கும் இக்காலத்தில் உட்புகுந்து வினவுதல் கற்ற இளைஞர் கடனாகும்.