வருவித்துக் கொண்ட வகுத்தல்

மூலத்தில் இல்லாத சொல்லை உரையாசிரியர் வருவித்துப் பொருள் கூறும் முறை தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. படிப்போன் மனத்தில் அச்சொல் தானே தோன்றும் என்று நம்பி நூலாசிரியர் விட்டுச் சென்றிருப்பார். தோன்றாத இடத்தில் யாரேனும் எடுத்துத் தரவேண்டும். அல்லது இவ்விடத்தில் எதையும் வருவித்தல் ஆகாது என்று மறுத்து நிற்கவேண்டும். கணினித் துறையிலும் இத்தகைய வழக்கொன்று நெடுங்காலமாக நடந்து வருகிறது.

ஜொகூரில் கூலாய்க்கு வடக்கே உள்ள செடெனாக், தோட்டப்புறமாக அறியப்பட்ட ஊர். செம்பனை நின்ற அப்பகுதியில் இன்று செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா அமைந்து, தரவு மையங்கள் எழுந்துள்ளன. இவைபோன்ற மையங்களில் அடுக்கடுக்காக நிற்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது லினக்ஸ் என்னும் இயங்குதளம். அதன் கருவாகிய கர்னலைத் திறந்து படித்தால் இவ்வழக்கின் தடங்கள் வரிக்கு வரி தெரியும். அது யாவர்க்கும் திறந்த நூல் என்பது நமது நற்பேறு.

வழக்கு இதுதான். நிரலர் எழுதும் வரிகளைப் பொறியின் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி, அதாவது கம்பைலர். பொறிக்குத் தெரியாத ஒரு செயலை நிரலர் கேட்டுவிட்டால் தொகுப்பி திகைப்பதில்லை. அச்செயலைச் செய்யும் துணைநிரல் ஒன்றின் பெயரை மட்டும் எழுதிவிட்டு அப்பால் செல்கிறது. அத்துணைநிரல் தொகுப்பியோடு வரும் நூலகத்தில் இருக்கும். சாதாரண நிரல்கள் அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். கர்னலோ வெறும் பொறியின்மேல் நேரே நிற்பது. சத்திரம் இல்லாத வழியில் நடப்பவன் கட்டுச்சோறு கொண்டு போவதுபோல, வேண்டியதை அது தானே சுமந்தாக வேண்டும்.

பொறிக்குத் தெரியாத செயல்களுள் முதன்மையானது வகுத்தல். 1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினி கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்காது. வகுத்தலுக்குத் துணைநிரல் எழுதி வைத்தனர். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951-இல் வெளியிட்ட நூல் இத்துணைநிரல் தொகுதியை உலகுக்கு அறிமுகம் செய்தது. அங்கே வகுத்தல் வேண்டியவர் அதைத் தாமே எடுத்துச் சேர்த்தார். பிற்காலத்தில் தொகுப்பி வந்து, கேளாமலே சேர்க்கும் வழக்கத்தை உண்டாக்கியது.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் கர்னல் 1973-இல் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதன் ஆறாம் பதிப்பு வந்தது 1975-இல். சிட்னி நகரில் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ், தம் மாணவர்க்காக அக்கர்னலின் மூலத்தைத் தொகுத்து, அதற்கு ஓர் உரையும் வகுத்தார். உரிமக் கட்டுப்பாட்டால் அவ்வுரை அச்சேறாமல், நகலுக்கு நகல் எடுத்து உலகெங்கும் படிக்கப்பட்டு, 1996-இல்தான் முறையாக வெளிவந்தது. நம் ஏட்டுச்சுவடிகளின் கதையை ஒத்ததன்றோ!

அம்மூலத்தில், பொறிமொழியில் எழுதிய பகுதி ஒன்று உண்டு. அதில் சிஎஸ்வி, சிரெட் என்று இரு சிறு துணைநிரல்கள் இருக்கின்றன. சி மொழியில் எழுதிய எந்தச் செயற்கூற்றினுள் புகும்போதும் முன்னதையும், வெளியேறும்போது பின்னதையும் தொகுப்பி வாய்பேசாமல் அழைக்கும். கர்னலை எழுதியவர் யாரும் அவற்றைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆயினும் அவை இல்லையேல் கர்னலில் ஓர் அடியும் நகராது. அதே பகுதியில் எல்டிவ் என்னும் வகுத்தல் துணைநிரலும் இருக்கிறது. இதனை நிரலர் பெயர் சொல்லியே அழைக்கவேண்டும். ஒரே ஏட்டில் அழையாமல் வருவதும் அழைத்தால் வருவதும் அருகருகே நிற்கின்றன. பின்னாளில் எழுந்த பூசலுக்கு வித்து இங்கேயே உளது என்பது என் கருத்து.

ஜிசிசி என்னும் தொகுப்பி 1987-இல் வெளிவந்தது. அதன் துணை நூலகத்திற்கு லிப்ஜிசிசி என்று பெயர். அதில் உள்ள துணைநிரல்களின் பெயர்கள் தொகைச்சொற்கள் போன்றவை, பிரித்தால்தான் பொருள்படும். யூடிவ்டிஐ3 என்பதை எடுத்துக்கொள்வோம். யூ என்பது குறை எண் அல்லாதது, டிவ் வகுத்தல், டிஐ இரட்டை முழுவெண், 3 என்பது இரு உள்ளீடும் ஒரு விடையுமாக மூன்று. 32 பிட் பொறியில் 64 பிட் எண்ணை வகுக்க நேர்ந்தால் தொகுப்பி இப்பெயரைத்தான் எழுதிவைக்கும். அத்துணைப் பெரிய எண் கர்னலுக்கு எதற்கு என்று கேட்கலாம். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 429,49,67,295. காலத்தை நானோநொடியில் எண்ணினால் ஏறத்தாழ நாலே கால் நொடியில் அது நிரம்பிவிடும்.

இவ்விடத்தில் உரைகாரர் இரு சாராராகப் பிரிந்தனர். பெர்க்லியின் பிஎஸ்டி வழியினர், தொகுப்பி கேட்பதைக் கொடுத்துவிடுவோம் என்றனர். 1992-இல் எழுதிய வகுத்தல் துணைநிரலைத் தம் கர்னலுக்குள்ளேயே வைத்துக்கொண்டனர். அதன் முறை, டொனால்ட் நூத் தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியில் விளக்கியது. நம் பள்ளிப் பிள்ளைகள் பலகையில் போடும் நெடுவகுத்தலேதான். பத்துக்குப் பதிலாக 65,536 என்பதை அடியெண்ணாகக் கொண்டது, அவ்வளவே வேறுபாடு.

லினக்ஸ் வழியினர் மறுத்தனர். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அக்கர்னல், தான் பிறந்த இன்டெல் 386 வகைப் பொறிகளுக்கு லிப்ஜிசிசியை இணைத்துக்கொள்ளவில்லை; யூடிவ்டிஐ3 என்பதைத் தானும் எழுதவில்லை. 64 பிட் எண்ணை ஒருவர் சாதாரண வகுத்தற் குறியிட்டு எழுதினால், அப்பெயருக்கு உரியது கிடைக்கவில்லை என்று இணைப்பி நின்றுவிடும். இது மறதியால் நேர்ந்த குறையன்று. வேண்டுமென்றே விட்ட இடம். 386 பொறியில் இரு எண்களைக் கூட்ட 2 துடிப்பு போதும். 32 பிட் வகுத்தலுக்கு 38 துடிப்பு. 64 பிட் என்றால் அதனினும் மிகுதி. இத்தனை செலவை ஒரு சிறு குறிக்குள் மறைத்துவைக்க ஒண்ணாது, வேண்டுபவர் டூடிவ் என்று பெயர் சொல்லி எழுதட்டும் என்பது அவர்கள் கொள்கை. டூடிவ் ஒரு விசித்திரமான சாதனம். ஈவை எடுத்துக்கொடுத்த எண்ணின் இடத்திலேயே எழுதிவிட்டு, மீதியை விடையாகத் தரும். புதியவர் இதில் தடுமாறாமல் இருப்பது அரிது.

கொள்கை நன்று, ஆனால் இடர் உண்டு. 64 பிட் பொறியில் அமர்ந்து எழுதுபவருக்கு வகுத்தற் குறி தடையின்றிச் செல்லும். அவருடைய பிழை 32 பிட் பொறிக்குத் தொகுக்கும் வேறொருவரிடத்தில்தான் வெளிப்படும். இதனினும் வியப்பான நிகழ்ச்சி 2008-இல் நடந்தது. நானோநொடிகள் நூறு கோடியைத் தாண்டும்போதெல்லாம் நூறு கோடியைக் கழித்து ஒரு நொடியைக் கூட்டும் சிறு சுழற்சி கர்னலின் காலக் கணக்கில் இருந்தது. பெரும்பாலும் ஒருமுறைக்கு மேல் சுழலாது. அவ்வாண்டு வந்த ஜிசிசி 4.3 அதைப் பார்த்து, ‘இது வகுத்தலன்றோ’ என்று தானே முடிவுசெய்து, யூடிவ்டிஐ3 பெயரை எழுதிவிட்டது! நிரலர் வகுக்கச் சொல்லவே இல்லை. தொகுப்பி தன் கூர்மையால் மூலத்தில் இல்லாத வகுத்தலை வருவித்தது. கர்னல் இணைய மறுத்தது. தொகுப்பியின் பார்வையை மறைக்க, ஒன்றும் செய்யாத வெற்றுப் பொறிமொழி வரியொன்றைச் சுழற்சிக்குள் இட்டுச் சரிசெய்தார்கள்.

386 பொறிக்கு வகுத்தற் கட்டளையேனும் உண்டு. பழைய ஆர்ம் வகைப் பொறிகளுக்கு 32 பிட் வகுத்தலும் தெரியாது. அங்கே மறுப்புக் கொள்கை செல்லுமா? செல்லாது, கொடுத்தே தீரவேண்டும். நிக்கோலஸ் பிட்ரே எழுதிய விரைவான வகுத்தல் துணைநிரல் 2003 செப்டம்பர் 30 அன்று ஜிசிசிக்கு அளிக்கப்பட்டது. அக்டோபர் 2 அன்று லினக்ஸ் கர்னலுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. இத்தேதிகளை ஏட்டின் தலைப்பிலேயே அவர் குறித்துள்ளார். சுழியால் வகுக்க நேர்ந்தால் செய்யவேண்டியதையும் கர்னலே வருவித்துக்கொள்கிறது: கர்னலில் சுழியால் வகுத்தல் என்று பதிந்து, வந்த வழியைக் காட்டுகிறது.

இவ்வாறு பொறிதோறும் தனித்தனியே துணைநிரல்களைச் சேர்த்துக்கொண்டதன் விளைவு, பெர்க்லியில் 2010-இல் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த பொறியமைப்பை லினக்ஸில் சேர்க்கும் காலத்தில் தெரியவந்தது. மிப்ஸ், ஸ்பார்க், மைக்ரோபிளேஸ் முதலிய பல பொறிகளின் அடைவுகளில், 64 பிட் எண்ணை இடம்பெயர்க்கும் துணைநிரல் முதலியவை ஒரே வடிவில் படியெடுத்து வைக்கப்பட்டிருந்தன. ரிஸ்க்-ஃபைவுக்கும் இன்னொரு படி வைப்பதா என்ற வினா எழவே, பொது நூலக அடைவில் ஒரே படியாக வைத்தனர். கவனிக்க: அப்பொதுப் படிகளில் இடம்பெயர்த்தல், ஒப்பிடல், பெருக்கல் ஆகியவை உண்டு, யூடிவ்டிஐ3 மட்டும் சேரவில்லை.

ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2018 சனவரியில் வந்த லினக்ஸ் 4.15-இல் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி குழுவினர் ரிஸ்க்-ஃபைவ் முறையில் வடித்த சக்தி என்னும் செயலியில் லினக்ஸ் இயங்கியது. அதன் 64 பிட் வகைக்கு இரட்டை எண் வகுத்தல் ஒரே கட்டளை. செடெனாக்கில் நிற்கும் பெருங்கணினிகளுக்கும் அவ்வாறே. ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றே. 2008-இல் இட்ட அந்த வெற்று வரியும், தொகுப்பி இச்சுழற்சியை வகுத்தலாக மாற்றாதபடி தடுக்கவே இது என்னும் குறிப்பும் அம்மூலத்தில் இன்றும் இருக்கின்றன.