ஓரத்து மேடு: மீஞ்சூர் வட்டாரமும் இ.சி.ஜி. அளவுத்திருத்தமும்

இ.சி.ஜி. தாளின் ஓரத்தில் செவ்வகமாக ஒரு சிறு மேடு இருக்கும். வழக்கமான உயரம் 10 மி.மீ. ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தம் தாளில் இவ்வளவு எழும் என்பதற்கு அதுவே சான்று. நெஞ்சுவலியோடு வந்தவரின் இ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. எனப்படும் பகுதி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று மருத்துவர் எண்ணும் ஒவ்வொரு கட்டமும் அந்த மேட்டை நம்பியே எண்ணப்படுகிறது. யாரோ கருவியைப் பாதி அளவில், அதாவது 5 மி.மீ.யில், வைத்துவிட்டுப் போயிருந்தால் 2 மி.மீ. ஏற்றம் 1 மி.மீ. ஆகத் தெரியும். மாரடைப்பு கண்ணில் படாமலே போகலாம்.

மீஞ்சூருக்கு அளவுத்திருத்தம் தொலைவான செய்தி இல்லை. பக்கத்தில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். இத்தகைய ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அழுத்தமானியில் ஒட்டிய அளவுத்திருத்தச் சீட்டு பழகிய பொருள். சந்தையில் காய்கறி நிறுக்கும் மின்னணுத் தராசுக்கும் ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். உயிரை நிறுக்கும் கருவியிடம் அதைவிடக் குறைவாக எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் வந்து ஒட்டும் சீட்டு போதாது என்பதே என் வாதம். ஓரத்து மேடு மட்டும் இருந்தாலும் போதாது. பல டிஜிட்டல் கருவிகளில் அந்த மேட்டை மென்பொருளே வரைகிறது. நோயாளியின் உடலிலிருந்து வரும் கேபிள், மின்முனை, பெருக்கி எதன் வழியாகவும் அது வருவதில்லை. கடற்காற்றில் துருவேறிய கிளிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. முழுப் பாதையையும் சோதிக்க, செயற்கை இதயத்துடிப்பு தரும் சிமுலேட்டர் வேண்டும். அதை நிமிடத்துக்கு 60 துடிப்பில் வைத்து, கேபிளை மாட்டி, வழக்கமான தாள் வேகத்தில் வரைந்த தாளில் ஸ்கேலை வைத்தால், துடிப்புகளுக்கு இடையிலான ஐந்து இடைவெளிகள் 125 மி.மீ. வர வேண்டும். தாளை நகர்த்தும் உருளை வழுக்கி 115 மி.மீ. வந்தால், 60 துடிப்பு 65 ஆகப் படிக்கப்படும். பத்து நிமிட வேலை; வாரம் ஒருமுறை செவிலியரே செய்யலாம்.

படுக்கையருகே உள்ள மானிட்டருக்கு வேறொரு எச்சரிக்கை உண்டு. கோடு அலையாமலிருக்க அதில் பெரும்பாலும் 0.5 ஹெர்ட்ஸ் வடிகட்டி போடப்பட்டிருக்கும், நோயறியும் இ.சி.ஜி.க்கு மரபாகச் சொல்லப்படும் எல்லை 0.05. அந்த வடிகட்டி எஸ்.டி. பகுதியையே வளைத்துக் காட்டக்கூடும். எவ்வளவு நன்றாக அளவுத்திருத்தம் செய்திருந்தாலும், மானிட்டர் திரையை மட்டும் பார்த்து மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

2012 முதல் 2014 வரை தமிழகத்தில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. இத்தகைய இணைப்பில் எல்லாம் தொடங்குவது சிறிய இடத்தில் எடுக்கும் முதல் இ.சி.ஜி.யில்தான். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சென்னை ஸ்டான்லி மருத்துவமனைவரை போகவேண்டிய மீஞ்சூர் நோயாளிக்கு, அந்தத் தாள் ஆம்புலன்ஸுக்கு முன்னால் கைபேசியில் போய்ச் சேர்கிறது. படமெடுக்கும் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது ஓரம்.

ஆகவே படம் அனுப்புவோர் அந்த மேட்டையும் சேர்த்து எடுங்கள். பார்ப்பவர்கள் அது இல்லாத படத்தை அப்படியே படித்துவிடாமல் இன்னொன்று கேளுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.